திருநின்றவூர் புல்தரை மண்ணோடு திருவள்ளூருக்கு இரண்டு நடை

போன புரட்டாசியில் எங்கள் திருநின்றவூர் ஃபிளாட்ஸ் புல்தரை மஞ்சளாகிவிட்டது. உடனே அசோசியேஷன் தலைவர் ரகுபதி சார் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், நிறைந்த டிஏபி உரம் ஆறு மூட்டை வாங்கி இறக்கிவிட்டார். மழைக்கு முன்னால் தூவிவிட வேண்டுமாம். எனக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்துத் தண்ணீரெல்லாம் வடிவது பின்பக்கக் குட்டைக்கு. அதைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறார் பக்கத்துத் தெரு ஸ்டெல்லாக்கா. முந்தின வருடம் உரம் தூவிய கையோடு மழை கொட்டி, குட்டை முழுக்கப் பாசி பிடித்து, பாதி மீன் செத்து மிதந்தது.

"இந்த வாட்டியும் போச்சுன்னா குட்டைய உட்டுட்டு உன்னாட்டம் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குத்தான் வரணும்" என்றார் அக்கா. ரயில் மாறி மாறி அங்கே ஷிஃப்டுக்குப் போகிறவள் நான். அந்தப் பாடு அவருக்கு வேண்டாம். மண்ணைச் சோதிக்காமல் மூட்டையைப் பிரிக்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. புல்தரையில் கொஞ்சம் மண் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காலை 9.20 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் தாண்டிப் பதின்மூன்று கிலோமீட்டரில் திருவள்ளூர். ஸ்டேஷன் எதிரில் நாஷ்டா முடித்து, ஷேர் ஆட்டோவில் பதினைந்து ரூபாய்க்கு மண் பரிசோதனை நிலையம்.

அங்கிருந்த மேடம் என் பையைத் தொடவே இல்லை. பழைய உரச் சாக்கை வெட்டித் தைத்த பை அது. எங்கள் பக்கம் காய்கறி வாங்கக்கூட அதுதான்.

"உரப்பையில கொண்டாந்தா மணிச்சத்து எகிறிக் காட்டும்மா. உங்க மண்ணுல இன்னா இருக்குன்னே தெரியாது" என்றார்.

எகிறட்டுமே, எனக்கு வேண்டியதும் அதுதானே என்று ஒரு சபலம் தட்டியது. ஒளிப்பானேன்? ஆனால் பொய் ரிப்போர்ட்டைக் காட்டி இந்த மழைக்குத் தடுக்கலாம், அடுத்த மழைக்கு என்ன செய்வது? திரும்பி நடந்தேன். வந்த ஆட்டோக்காரரே வாசலில் நின்றிருந்தார். மண்ணைக்கூட வாங்க மாட்டேன்கிறார்களா என்று கிண்டலடித்தார். சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஊருக்கு வந்ததும் நேராக ரகுபதி சார் வீட்டு மணியை அடித்தேன். நான் தோண்டினால் நம்ப மாட்டீர்கள், நீங்களே தோண்டுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். புல்லை விலக்கி, பத்து இடத்தில் ஆறு அங்குல ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி. குழியின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை சீவி எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் அரைக் கிலோ. வெயிலில் அவர் சட்டை நனைந்துவிட்டது. தானே தோண்டிய மண்ணாயிற்றே, ரிப்போர்ட் வரும்வரை மூட்டையைத் தொட மாட்டேன் என்றார். புதுத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மூன்று மணிக்குள் மறுபடி திருவள்ளூர்.

பத்து நாளில் ரிப்போர்ட். மணிச்சத்து மிக அதிகம், இனி போடவே தேவையில்லை. அளவு மீறியதால்தான் புல்லுக்கு இரும்புச் சத்து கிடைக்காமல் மஞ்சளாம். சார் இரண்டு முறை படித்துவிட்டு உரக்கடைக்குப் போன் போட்டு, மூட்டையை எடுத்துப் போகச் சொன்னார்.

நீங்களும் போவதானால்: கழுவிய மண்வெட்டி, உரம் படாத பை. மரத்தடியிலும் குப்பை கொட்டிய இடத்திலும் எடுக்காதீர்கள். ஈர மண்ணை நிழலில் உலர்த்துங்கள். மழை வருகிற சமயம் உரம் தூவவே வேண்டாம். புல்லின் மஞ்சளை ஒரு மாதம் சகித்துக்கொண்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

முதல் பெருமழைக்கு மறுநாள் விடிகாலை குட்டைக்கரைக்கு ஓடினேன். எனக்கு முன்பே ரகுபதி சார் குடையோடு நின்றிருந்தார்.

"மீன் எதுவும் மேல வந்துச்சாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"வர்ல சார். தவுடு போட்டாத்தான் வரும்."

சார் கையை நீட்டினார். ஸ்டெல்லாக்கா அதில் ஒரு பிடி தவிட்டை வைத்தார்.