முன் சீட்டில் நாற்று முடிகள்

குறுவை நடவன்று நாற்று போதவில்லை. பக்கத்து ஊரில் கட்டுக்கட்டாக வாங்கிய நாற்று முடிகளை, டிக்கி நிறைந்ததும் காரின் முன் சீட்டிலும் அடுக்கினேன். சீட்டுக்குள் சேற்றுத் தண்ணீர் இறங்கியது. மேலாகத் துடைத்துவிட்டு மறந்துவிட்டேன்.

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்த என் வீட்டுக்காரர், "மடியில பந்து வச்சிருக்கிற ஆள் மாதிரி டாஷ்போர்டுல ஒரு விளக்கு எரியுதே?" என்றார்.

"ஓட்டத் தெரியாதவங்க பேசாம வாங்க" என்றேன்.

பத்து நாள் கழித்து, குறுக்கே வந்த ஆட்டுக்குப் பிரேக் அடித்ததில், வாய்க்கால் மதகுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. அந்த விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. நேராக மெக்கானிக்கிடம் போனேன்.

"சீட்டுல ஆள் இருக்காங்களான்னு பார்க்கிற சென்சார் நனைஞ்சு கெட்டுப்போச்சுக்கா. அந்த விளக்கு ஏர்பேக் கோளாறைத்தான் காட்டுது. மோதியிருந்தா சார் பக்கத்து ஏர்பேக் விரிஞ்சிருக்குமான்னே சொல்ல முடியாது" என்றார்.

அன்றே மாற்றச் சொன்னேன்.

இப்போது நாற்று டிராக்டரில்தான் வருகிறது. சாவியைத் திருப்பியதும் எரியும் அந்த விளக்கு அணையும்வரை நான் கியரைத் தொடுவதில்லை. அதைப் பார்த்துச் சொல்வது வீட்டுக்காரர் வேலை.

"அணைஞ்சிடுச்சு. போலாம், ரைட்!"