முதல் சாய்ஸே கிடைத்தது

என் மகளுக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் முதல் சாய்ஸே கிடைத்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் கை கொடுக்கிறார்கள். நான் மட்டும் அந்த வார்த்தைகளைக் கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அன்று கடையில் பர்மிஷன் சொல்லிவிட்டு மந்தைவெளி வீட்டிலேயே இருந்தேன். பத்து மணிக்கு ரிசல்ட். மகள் கட்டிலில் உட்கார்ந்து என் ஃபோனில் பக்கத்தைத் திறந்தாள். நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாக எட்டிப் பார்த்தோம். அவள் படித்தாள், விரலால் கீழே தள்ளினாள், மறுபடி மேலே கொண்டுவந்தாள்.

"இன்னாடி, கெட்ச்சிதா இல்லியா?" என்றாள் என் மனைவி.

"கெடச்சிருக்கு. ஃபர்ஸ்ட் சாய்ஸ்னு போட்டிருக்கு."

மனைவி சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகள் முகத்தில் ரத்தமே இல்லை. "ஆனா இது என்னோட ஃபர்ஸ்ட் சாய்ஸ் இல்லம்மா. இத நான் பதினெட்டாவதா போட்டிருந்தேன். இது எப்படி மேல வந்துச்சு?"

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஏற்றியதே நான்தான்.

நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை செக்‌ஷனில் நிற்பவன். இருபத்தைந்து வருடமாக அதுதான் வேலை; ஓய்ந்த நேரத்தில் இப்படி ஏதாவது எழுதுவதும் உண்டு. கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால், எந்தப் புடவையை முதலில் விரிக்க வேண்டும் என்பதில்தான் எங்கள் சாமர்த்தியம் எல்லாம் இருக்கிறது. கடையிலேயே நல்ல புடவையை முதலில் விரிக்கவே கூடாது. விலையைக் கேட்டதும் அம்மாக்காரி முகம் சுளிப்பாள், அப்பாக்காரர் எழுந்து நின்றுவிடுவார், அவ்வளவுதான், குடும்பமே அடுத்த கடைக்குப் போய்விடும். அவர்களால் நிச்சயம் வாங்க முடிந்ததை முதலில் விரிக்க வேண்டும். ஒன்று நிச்சயமான பிறகு ஒவ்வொன்றாக மேலே போகலாம். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

கவுன்சலிங் வேறு மாதிரி. பிள்ளைகள் தாங்கள் விரும்பும் கல்லூரிகளை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அவரவர் ரேங்க்கின் முறை வரும்போது கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். முதலில் எங்கே இடம் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். மேலே இருப்பது கிடைக்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை, அடுத்ததைப் பார்க்கும். ஆகவே ஆசைப்படுவதை மேலே எழுத வேண்டும், எதற்கும் இருக்கட்டும் என்பதைக் கீழே எழுத வேண்டும். இது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதாவது தெரிந்திருந்தால் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

மகளுக்கு ஒரே ஆசைதான். அரசாங்கத்தின் பெரிய கல்லூரியில் ட்ரிபிள் ஈ. பத்தாவது படிக்கும்போதே வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டியவள் அவள். இரண்டு வருடமாக டிவி பக்கம் திரும்பவில்லை. வாங்கியிருந்த மார்க்குக்கு அந்த இடம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு வாரம் நோட்டில் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, இருபத்து மூன்று கல்லூரிகளின் பட்டியலை அவளே ஏற்றியிருந்தாள். கடைசி நாளன்று அதைப் பூட்ட வேண்டும். அவர்கள் மொழியில் லாக் பண்ணுவது. அதற்கான ஓடிபி என் ஃபோனுக்குத்தான் வரும். அவள் டி.சி. வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டியிருந்ததால், "லன்ச் டைம்ல லாக் மட்டும் பண்ணிடுங்கப்பா, கடைசி நேரத்துல சைட் ஸ்லோவா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். லாக் மட்டும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு கடையின் பின்பக்க மாடிப்படியில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தேன். முதல் பெயரே பெரிய கல்லூரி. எனக்குத் திக்கென்றது. என்ன இது, எடுத்த எடுப்பிலேயே கடையின் உச்சப் புடவையைக் கேட்கிறாளே, இல்லை என்று சொல்லிவிட்டால் எழுந்து போகவேண்டியதுதானே என்று தோன்றியது. பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஷர்ட்டிங் செக்‌ஷன்காரரிடம் கேட்டேன். அவர் ரொம்பத் தெரிந்தவர் மாதிரி, "பஸ்ட்டு சாய்ஸு பூட்ச்சினா அப்பால ஒண்ணியும் நம்ம கைல இல்லபா, ஷ்யூரா வர்றத மேல போடு" என்றார். அவருடைய பிள்ளைகள் யாரும் இன்ஜினீயரிங் படிக்கவில்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன, நான் கேட்க விரும்பியதைத்தான் அவர் சொன்னார். பெருங்குடி தாண்டி ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது. அதன் பஸ் அடையாறு சிக்னலில் நிற்கும். நிச்சயம் கிடைக்கும் என்று மகளே ஒருமுறை சொல்லியிருந்தாள். அதைப் பதினெட்டிலிருந்து ஒன்றுக்கு ஏற்றினேன். ஓடிபி வந்தது, பூட்டினேன். பெரிய காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று என்னையே பல தடவை கேட்டுவிட்டேன். ரிசல்ட் வந்ததும் சொல்லலாம், அப்பாவின் சாமர்த்தியத்தைப் பார்த்து அசந்துபோவாள் என்று நினைத்தேன். இதுதான் உண்மை, வெட்கம்கெட்ட உண்மை.

"அப்பா, நீங்க லாக் மட்டும்தான பண்ணீங்க?"

கட்டிலில் உட்கார்ந்தபடி அவள் கேட்டது இவ்வளவுதான். "ஆமாம்மா" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குள் அவள் தோழியிடமிருந்து ஃபோன் வந்தது. இவளுக்கு இரண்டாயிரம் ரேங்க் பின்னால் இருந்தவள். அவளுக்குப் பெரிய கல்லூரியில் ட்ரிபிள் ஈ கிடைத்திருந்தது. என் மகள் "சூப்பர்டி" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் இவளுடையது. இவள் கேட்டிருந்தால் இவளுக்குத்தான்.

"வெப்சைட்ல ஏதோ தப்பு நடந்திருக்கு. நேர்ல போய்க் கேப்போம்ப்பா" என்றாள். உதவி மையம் தரமணிப் பக்கம் இருந்தது. மந்தைவெளியில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதிகாரியிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் இங்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திருவான்மியூர் வந்தது, போனது. உண்மையிலேயே வெப்சைட்டில் கோளாறு ஏதாவது இருக்கக்கூடாதா என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

மையத்தில் இருந்த அம்மா பொறுமையானவர். மகள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு கம்ப்யூட்டரில் தேடினார். பிறகு, "கோளாறு ஒண்ணும் இல்லம்மா. கடைசி நாள் மத்தியானம் இந்த காலேஜ மேல ஏத்தியிருக்கீங்க. பத்து நிமிஷத்துல லாக் பண்ணியிருக்கீங்க" என்றார்.

"பெரிய காலேஜ்ல இன்னும் இடம் கேக்க முடியாதா மேடம்?"

"உங்க லிஸ்ட்ல இதுக்கு மேல இருக்கிறதத்தான் கேக்க முடியும். இதுக்கு மேல நீங்க ஒண்ணுமே கேக்கலியேம்மா. இத விட்டுட்டு அடுத்த ரவுண்டுக்குப் போலாம். ஆனா அதுக்குள்ள நீங்க கேக்கிற சீட்டெல்லாம் முடிஞ்சிரும், இதுவும் போயிரும். யோசிச்சுக்கோங்க." கொஞ்சம் நிறுத்தி, "யாரு மாத்தினது? வெளில ஏதாச்சும் சென்டர்ல குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. நோட்டை மூடினாள்.

"இல்ல மேடம். நான்தான் மாத்தினேன். மறந்துட்டேன்."

அன்று காலையிலிருந்து எத்தனையோ அதிர்ச்சி. எல்லாவற்றையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அந்த அம்மா என் மகளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பிளாட்பாரத்தில் வந்து நின்றதும், "நான்தாம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுதுப்பா. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

புடவைக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. ரயில் வந்தது, ஏறினோம். திருவான்மியூர் தாண்டியதும், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். அப்போதுதான் அழுதாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் தோளில் கை வைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

மந்தைவெளி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட நான்தான் மாத்திட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்க எதுவும் சொல்லாதீங்க" என்றாள்.

"ஏம்மா?"

"உங்கள சொன்னா வீட்ல தெனம் சண்டை. என்னைன்னா நாலு நாள் திட்டுவாங்க, முடிஞ்சிரும்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் அவள் சொன்னபடியே சொன்னாள். "மூளையைக் கடன் குடுத்துட்டியாடி, வெளங்குமாடி நீ, ரெண்டு வருசம் கண்ணு முழிச்சி படிச்சிட்டு யார்னா இப்டி பண்ணுவாங்களா" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். மகள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன்.

அந்தத் தனியார் கல்லூரியிலேயே சேர்ந்தாள். சேர்க்கைப் படிவத்தில் ஃபோன் நம்பர் என்ற இடத்தில் தன்னுடைய நம்பரை எழுதினாள். என்னைக் கேட்கவும் இல்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது மூன்றாவது வருடம். நன்றாகத்தான் படிக்கிறாள். என்னோடு முன்பு போலத்தான் பேசுகிறாள் என்று சொல்ல ஆசை, ஆனால் முன்பு போல இல்லை. எதையும் முடிவு செய்த பிறகுதான் என்னிடம் சொல்கிறாள்.

நாலு நாளில் முடியும் என்று அவள் போட்ட கணக்கும் தப்பிப்போனது. போன மாதம் என் மைத்துனர் தன் பிள்ளைக்கு கவுன்சலிங் விவரம் கேட்டு வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி காபி கொடுத்துக்கொண்டே, "தோ, இவள மாரி பண்ணிடப் போறான்ணா. கைக்கு வந்தத இவளே தட்டிவுட்டுக்கினா" என்றாள். மகள் சிரித்துக்கொண்டே, "ஆமா மாமா, நான் பண்ண மாதிரி பண்ணிட வேணாம்னு சொல்லுங்க" என்றாள். நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி நான் எழுதுவதை எல்லாம் படிப்பவள். இதையும் படிப்பாள். பட்டியலை மாற்றியது நம் பெண் இல்லை. மூன்று வருடமாக நீ திட்டிக்கொண்டிருப்பது தப்பான ஆளை.