பச்சை ஸ்டிக்கர்

நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து என் நாத்தனாரின் அறையைப் பாருங்கள். அதற்குக் கதவு கிடையாது. கழற்றியவர், பேய் என்றாலே சிரிக்கும் என் கணவர். இப்போது அவர் சிரிப்பதில்லை.

நாத்தனாருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மடிப்பு’. கைத்துண்டைக்கூட விளிம்புக்கு விளிம்பு மடித்தால்தான் மகாராணிக்குத் தூக்கம் வரும். ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பல வருடம் குப்பை கொட்டியவள், திடீரென்று வேலையை விட்டுவிட்டு, வீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் தொழிலில் இறங்கினாள்.

“அடுத்தவங்க அலமாரிய அடுக்கவா அந்த வேலைய விட்டே?” என்று அவள் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஆறு மாசம் பாருண்ணா. சரிப்படலன்னா திரும்ப அங்கேயே போய் உக்காந்துக்கறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்த ஆபீஸ் நாற்காலியை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டும். கெடு முடியும் நேரத்தில்தான் அந்தப் பெரிய வேலை வந்தது. விட மனசு வருமா?

இறந்துபோன ஒரு அம்மாவின் அறை. மகன் வீட்டை விற்கப் போகிறார். “தேவையானத வெச்சுட்டு மீதியக் காலி பண்ணிடுங்க. எனக்கு அந்த ரூமுக்குள்ள வர மனசில்ல,” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் வேலை செய்வது இப்படி. ஒவ்வொரு பொருளையும் வீட்டுக்காரரிடம் தூக்கிக் காட்டி, “இருக்கட்டுமா, போகட்டுமா?” என்று கேட்பாள். இருக்க வேண்டியதற்குப் பச்சை ஸ்டிக்கர். யாருக்காவது கொடுப்பதற்கு மஞ்சள். எறிவதற்குச் சிவப்பு. வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் கை வைக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். அன்று அவளே அதை மீறினாள்.

நல்ல வெயில் நேரம். கைப்பிடி உடைந்த ஒரு கோப்பையைத் தூக்கினாள். பழக்க தோஷம்... காலி அறையைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

“இருக்கட்டுமா, போகட்டுமா?”

தன்னையே நொந்துகொண்டு சிரித்தாள். சிவப்பு ஒட்டி மூட்டையில் போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கோப்பை அலமாரியில் இருந்தது. அதில் பச்சை ஒட்டியிருந்தது.

நாம்தான் மாற்றி வைத்திருப்போம் என்று நினைத்தாள். அடுத்து ஒரு கிழிந்த ஸ்வெட்டர். சிவப்பு. மூட்டை. திரும்பினாள்.

ஸ்வெட்டர் அலமாரியில். விளிம்புக்கு விளிம்பு... அவள் மடிப்பதைப் போலவே மடித்து. பச்சை.

சிவப்பு ஸ்டிக்கர் சுருளைத் தேடினாள். காணோம். பச்சைச் சுருளும் இல்லை.

அப்போது முதுகுக்குப் பின்னால்...

சர்ர்ர்ர்.

சுருளிலிருந்து ஸ்டிக்கர் உரியும் சத்தம்.

யாரும் இல்லை. ஆனால் அவளுடைய செருப்பு அலமாரியில் ஜோடியாக இருந்தது. பச்சை. போன் அடித்தது. பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து! கூப்பிட்டது நான்தான். கடைசி வரை அடித்து ஓய்ந்தது.

கதவுக்கு ஓடினாள். சாத்தியிருந்தது. கைப்பிடி திரும்பவில்லை. அதன்மேல் பச்சை.

ஜன்னலில் கம்பி. கத்தினாள். தெருவில் ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சர்ர்ர்ர்.

தோளில் பச்சை. பிய்த்து எறிந்தாள்.

சர்ர்ர்ர்.

கன்னத்தில்... சில்லென்று.

“விட்டுடுங்கம்மா... அந்த ஆபீஸ் நாற்காலிக்கே போயிடறேன்... விடுங்க...”

கையில் மிச்சம் இருந்தது மஞ்சள் மட்டும். ஒன்றைக் கிழித்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டாள்.

அமைதி.

கிளிக்.

கதவு தானாகத் திறந்தது. வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடி வந்து என் மடியில் விழுந்தாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

மறுநாளும் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் அந்த மகன் அவளுடைய போனையும் செருப்பையும் கொண்டுவந்தார். “மனசத் தேத்திக்கிட்டு உள்ள போய்ப் பாத்தேன். ரூம் பளிச்சுன்னு இருக்குங்க. ஆனா ஒண்ணையுமே எறியலயே?”

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “உங்கம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாங்களோ?”

“ஐயோ, துரும்பக்கூட எறிய விடமாட்டாங்க.”

“யாருக்காவது... குடுப்பாங்களா?”

அவர் சிரித்தார். “குடுப்பாங்க. ஆனா குடுத்துட்டு மனசு கேக்காது. ரெண்டு நாள்ல அந்த வீட்டுக்கே போய் திருப்பி வாங்கிட்டு வந்துடுவாங்க.”

மஞ்சள்.

விழுந்தடித்து மடிப்பின் அறைக்கு ஓடினேன். கைப்பிடியைத் திருப்பினேன். அசையவில்லை.

உள்ளேயிருந்து அவள் குரல். மெதுவாக.

“அண்ணி... நான் பூட்டல.”

அப்புறம், அவள் குரலுக்குப் பின்னால்...

சர்ர்ர்ர்.