மேற்கே ஏறிய சூரியன்

சென்ற வருடம் ஜூன் மாதம், நோர்வேயின் வடகோடியில் வாழும் என் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு ஊர் காத்தான்குடி. அங்கே புடவைக் கடை வைத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மகளும் மருமகனும் என்னைக் கூடாரமடித்துத் தங்கக் கூட்டிப்போனார்கள். காரை நிறுத்திவிட்டு மூன்று மணிநேர நடை. மரமே இல்லாத வெளி, பாசி படிந்த பாறைகள், ஓர் ஏரி. வேறு மனித நடமாட்டமே இல்லை. வானம் மூடிக் கிடந்தது. கூடாரத்துக்குள் மருமகன் தொழுவிக்க, பின்னால் நின்று தொழுதுவிட்டுக் களைப்பில் தூங்கிப்போனேன். கோடையில் அங்கே சூரியன் மறையாது என்று மகள் சொல்லியிருந்தாள்தான். அவள் வீட்டு யன்னல்களில் தடித்த திரைச்சீலை தொங்கியதால் அது என் மண்டையில் ஏறவில்லை.

விழித்தபோது கூடாரத் துணி வெயிலில் மஞ்சளாக இருந்தது. கைக்கடிகாரத்தில் இரண்டு மணி. விடியற்காலைத் தொழுகையும் போய், நடுப்பகல் லுஹர் தொழுகையும் தவறப்போகிறதே என்று பதறினேன். அவர்களை எழுப்ப மனம் வரவில்லை. ஏரியில் முகம் கைகால் கழுவி வுழூச் செய்தேன், விரல்கள் மரத்துப்போயின. தொழும்போது முகம் திருப்ப வேண்டிய மக்காவின் திசை, கிப்லா எது? எங்கள் ஊரில் சூரியன் சாயும் வாவிப் பக்கம் திரும்பினால் போதும். இங்கேயும் ஏரிக்கு மேலே சூரியன் தாழ்ந்து நின்றது. அதைப் பார்த்து நின்று தொழுதேன்.

தொழுகை முடிவில் வலப்பக்கம் சலாம் சொல்லித் திரும்பினால், பத்தடி தூரத்தில் கிளைகிளையாகக் கொம்பு வைத்த ஒரு மான். அதன் பின்னால் ஒரு கூட்டமே நின்றது. என்னை ஒரு கல்லைப்போல நினைத்து, சுற்றிலும் மேய்ந்தன. அசையாமல் இருந்தேன். பிற்பகல் தொழுகையான அஸர் நேரம் வரட்டும் என்று சூரியனைப் பார்த்தேன். அது இறங்கவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, மெல்ல மேலே ஏறியது.

உலகம் முடியும் காலத்தில் சூரியன் மேற்கிலிருந்து எழும் என்று சிறுவயதில் ஓதியது நினைவுக்கு வந்தது.

"என்ன வாப்பா, இந்த நேரத்துல?" மகள் வெளியே வந்திருந்தாள்.

"மகள், மேற்கால சூரியன் ஏறுது."

அவள் சிரிக்கவில்லை. போர்வையை என் தோளில் போட்டாள்.

"இது வடக்கு, வாப்பா. இப்ப இரவு மூணு மணி. கிப்லா உங்கட முதுகுப் பக்கம்."

"அப்ப நான் தொழுதது?"

"எனக்கும் தெரியா, வாப்பா."

இருவரும் அந்த மான்கள் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தொழுகை கூடியதா, செல்லுமா என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை. நேரமும் பிழைத்து, திசையும் பிழைத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் படைத்தவனை முழு மனதோடு பயந்தும் வியந்தும் நினைத்தேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.