பெட்டி சுமந்தவரும் பேர் கேட்டவரும்

போன செவ்வாய்க்கிழமை மாஞ்சோலைக்குப் போய்விட்டு வந்தேன்.

உடனே பொறாமைப்படாதீர்கள். மேகம், குளிர், தேயிலை, அருவி... எல்லாம் இருந்தது. கூடவே என் அத்தானும் இருந்தார்.

அக்காவின் கணவர். சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பெரிய மனிதர்களுக்கு இரண்டு வியாதிகள் வரும். ஒன்று சர்க்கரை. இன்னொன்று புத்தகம். அத்தானுக்கு இரண்டும் வந்துவிட்டன. நம்முடைய மலைகளின் ‘பயண வரலாறு’ எழுதுகிறார். நாலு அத்தியாயம் முடித்துவிட்டார் — மலையைப் பார்க்காமலே. ஐந்தாவதுக்கு மட்டும் ‘நேரடி அனுபவம்’ வேண்டுமாம். திருநெல்வேலியில் ஒரு மச்சினன் சும்மாதானே இருக்கிறான்?

அனுமதி வாங்கி, ஜீப் பேசி, காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் அந்தோணி. நாற்பது வயதிருக்கும், நாம் கேட்டால் ஒழியப் பேசமாட்டார். மலையில் பிறந்து வளர்ந்தவர், இப்போது அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். இந்தத் தகவலை அத்தானிடம் சொன்னேன். “ஓ, குட்” என்றார். அதற்கு மேல் கேட்க அவரிடம் ஒன்றும் இல்லை.

மணிமுத்தாறில் டீ குடிக்க நிறுத்தினோம். பஸ் நிறுத்தத்தில் இருந்து ஒரு அம்மாள் வேகமாக வந்தார். அறுபது வயது இருக்கலாம். கையில் ஒரு மஞ்சப்பை.

“அண்ணாச்சி, மேலயா போறிய? பஸ்ஸு கல்லிடைக்குறிச்சியிலேயே நின்னு போச்சாம். இன்னைக்கு வராதுங்காவ. என்னைய ஊத்துல எறக்கி விட்டுருதியளா?”

ஊத்து என்பது மாஞ்சோலைக்கும் மேலே இருக்கும் எஸ்டேட். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் கேமரா பையைப் பார்த்தார்.

“நமக்குப் பெர்மிட் டிரைவரையும் சேர்த்து மூணு பேருக்குத்தான் மாப்ள. எதுக்கு வம்பு?”

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. டீயை ஆற்றினேன். ஆறிப்போன டீயை ஆற்றுவதில் நான் கெட்டிக்காரன்.

அந்தோணிதான் வாயைத் திறந்தார். “அக்கா ஊத்துக்காரங்க சார். அவங்களுக்குப் பெர்மிட் வேண்டாம்.” சொல்லிவிட்டு, முன் இருக்கையில் கிடந்த கேமரா பையை எடுத்து அத்தான் மடியில் வைத்தார். அவ்வளவுதான். அந்த அம்மாள் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

பெயர் சந்தனமாரி. முப்பத்தைந்து வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். எஸ்டேட்டில் வேலை நின்ற பிறகு மகளோடு விக்கிரமசிங்கபுரத்துக்கு இறங்கிவிட்டார். கணவர் முத்தையா இறங்கவில்லை. இறங்கினால் திரும்பவும் ஏற முடியாமல் போய்விடுமோ என்று பயம். யார் யாரோ வந்து பேசிப் பார்த்துவிட்டார்கள், மனிதர் அசையவில்லை.

இன்றைக்கு ஏன் போகிறார் என்று நான்தான் கேட்டேன்.

“மூத்தவளுக்கு நெஞ்சுல ஆப்பரேசன் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில சேத்திருக்கு. மருமவன் கூட இருக்காரு. வெள்ளிக்கெழமைன்னுதான் சொன்னாவ. எங்க வீட்டுக்காரரு வியாழக்கெழமை பஸ்ஸுல வாரதா இருந்துச்சு. நேத்து திடீர்னு, இல்ல, புதன்கெழமை காலையிலேயே வச்சிருவோம்ங்காவ. ஊத்துல டவர் கெடையாது. எப்படிச் சொல்ல? அப்பாவப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்னு பிள்ள அழுவுது. சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல யாரையும் பாக்க விட மாட்டாவளாம்.”

அத்தானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “கடவுள் இருக்கார்மா” என்றார். கடவுள் பாவம்... நம்மால் முடிந்ததைக்கூட அவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

சோதனைச் சாவடியில் எங்கள் இரண்டு பேருடைய அடையாள அட்டை, அனுமதிச் சீட்டு எல்லாவற்றையும் பார்த்தார்கள். அத்தானின் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை இறக்கி வைத்தார்கள். காவலர் சந்தனமாரியிடம் மட்டும் குனிந்து, “பேச்சிக்கு எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டார். பேச்சி, அந்த மூத்த மகள்.

மலை ஏற ஆரம்பித்தது. அழகைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே எத்தனையோ தடவை ‘மேகம் தவழும் மாஞ்சோலை’ என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். அங்கே கொழுந்து பறித்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா? தேடிப் பார்த்தேன். இல்லை. பனியை எழுதினேன். பனியில் நின்றவர்களை எழுதவில்லை. அத்தானைத் திட்டும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் செல்போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, தன் அத்தியாயத்தைப் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்தார். வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்தாராம். காட்டைக் ‘கண்டுபிடித்தாராம்’. “அதற்கு முன் இங்கே மனித நடமாட்டமே கிடையாது...”

காணிக்காரப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டில் இருக்கிறார்களே, அவர்கள் மனிதர்கள் இல்லையா? கேட்க நினைத்தேன். அதற்குள் கொண்டை ஊசி வளைவுகள் அவரைக் கேட்டுவிட்டன. பதிவு பாதியில் நின்றது. ஜீப்பும் நின்றது. அத்தான் இறங்கி ஓடி, ஓரமாகக் குனிந்து, காலையில் சாப்பிட்ட இட்லியை மலைக்கே திருப்பிக் கொடுத்தார்.

சந்தனமாரிதான் பையில் இருந்து நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். “வாயில ஒதுக்கிக்கிடுங்க சார். முழுங்கிராதீய. பைய போவும், ஒண்ணும் செய்யாது.” மகளுக்கு வாய்க்கசப்புக்காக வாங்கி வைத்திருந்ததாம்.

அத்தான் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவர் தெளியட்டும் என்று நாங்களும் நின்றோம். அந்த அம்மாள் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேச்சி இங்கனதான் பொறந்தா” என்றார்.

“இங்கனயேவா?”

“இந்த வளைவுதான். வலி எடுத்து பஸ்ஸுல ஏத்திட்டாவ. நல்ல மழ. பாத்தா, குறுக்க மரம் விழுந்து கெடக்கு. ஆம்பளைய எல்லாரும் எறங்கி மரத்த வெட்டப் போயிட்டாவ. பொம்பளைய ஜன்னல்ல சேலையக் கட்டிட்டாவ. என்கூட ஒரே வரிசையில கொழுந்து பறிச்ச பாப்பாக்காதான் பிரசவம் பாத்துச்சு. பிளாஸ்க்குல யாருக்கோ கொண்டு போன சுடுதண்ணிய எடுத்துக்கிட்டாவ. மரத்த இழுத்துப் போட்டுட்டு எல்லாரும் வந்து ஏறுதாவ, பிள்ள அழுவுது. கண்டக்டரு சொல்லுதாரு, ஏறும்போது ஒரு ஆளு, எறங்கும்போது ரெண்டு ஆளு, நான் என்னன்னு எழுத?”

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பயண வரலாறு எழுதுகிற ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆவலோடு அத்தானைப் பார்த்தேன். நார்த்தங்காய் வேலை செய்திருந்தது. முகத்தில் தெளிவு. கண்ணில் ஆர்வம்.

“விழுந்தது என்ன மரம்? ஞாபகம் இருக்கா?” என்றார்.

“தெரியலியே சார். எனக்கு வலி” என்றார் சந்தனமாரி.

அத்தான் எழுந்து அந்த வளைவைப் படம் பிடித்தார். அதற்கு முன், “நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, ஃப்ரேம்ல வர்றீங்க” என்றார். அவர் தள்ளி நின்றார்.

ஊத்து வந்து சேரும்போது பதினொன்றரை. வரிசை வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. மீதி பூட்டக்கூட ஆள் இல்லாமல் கிடந்தன. முத்தையா வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. பஸ் வராத நாளில் மனைவி ஜீப்பில் வந்து இறங்கியதைப் பார்த்ததுமே கோடரியைக் கீழே வைத்துவிட்டார்.

“நாளைக்கே வைக்காவளாம். உங்களப் பாக்கணும்ங்கா.”

முத்தையா உள்ளே போனார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எத்தனையோ பேர் வந்து மன்றாடியும் இறங்காத மனிதர்.

“வீட்டப் பூட்டலியா?” என்று சந்தனமாரி கேட்டார்.

“என்னத்தப் பூட்ட? வா.”

இவ்வளவு தூரம் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இடைஞ்சல் வந்தது எங்கள் வீட்டு மாப்பிள்ளையிடம் இருந்து.

மேலே கொஞ்ச தூரத்தில் ஒரு காட்சிமுனை இருக்கிறதாம். மேகம் விலகினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுமாம். தாமிரபரணி வெள்ளிக் கம்பி மாதிரி தெரியுமாம். அது இல்லாமல் ஐந்தாம் அத்தியாயம் நிற்காதாம்.

“மேகம் விலகணுமே சார்” என்றார் அந்தோணி.

“வெயிட் பண்ணலாம். ரெண்டு மணி நேரம். ஆபரேஷன் நாளைக்குத்தானே?”

“அஞ்சு மணிக்கு மேல பாக்க விட மாட்டாங்க அத்தான்.”

“சொல்லிக்கலாம் மாப்ள. எனக்கு அங்க ஆள் தெரியும்.”

முத்தையாவும் சந்தனமாரியும் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஏறவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. தங்கள் மகளைப் பார்க்கத் தாங்கள் போகலாமா வேண்டாமா என்பதை, ஒரு புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயம் முடிவு செய்யட்டும் என்று காத்து நின்றார்கள். அப்படி நிற்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவுக்குக் கல்யாணமான நாளில் இருந்து அத்தானை நான் எதிர்த்துப் பேசியதில்லை. எங்கள் வீடுகளில் அக்கா புருஷனை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். பயம் என்று சொன்னால் கௌரவக் குறைச்சல் அல்லவா?

“அத்தான், நீங்க மேகம் விலகுத வரைக்கும் இருங்க. நாங்க கெளம்புதோம். நாளைக்கு பஸ்ஸு ஓடிச்சின்னா அதுல வாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். பூட்டிய வீடுகள், ஈரக் காற்று, தூரத்தில் ஏதோ குரைத்தது... இயற்கை எழில் என்பது திரும்பிப் போக வண்டி நிற்கிறவரைக்கும்தான். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

நாலுமுக்கு எஸ்டேட்டைத் தாண்டிய பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. முத்தையாவிடம் கேட்டார்.

“எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”

“பொறந்ததுல இருந்து.”

“உங்க அப்பா?”

“அவரு கீழ இருந்து நடந்து வந்தாரு. தொரையோட பெட்டியத் தலையில வச்சிக்கிட்டு.”

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்போனை எடுத்தார். “எந்தத் துரை? பேர் என்ன?”

“பேரு சொன்னதில்ல” என்றார் முத்தையா. “பெட்டி ரொம்பக் கனம்னு சொல்லுவாரு.”

அப்பாவின் பெயரை அத்தான் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். அத்தான் ஜீப்பிலேயே இருந்துவிட்டார். மாடிக்கு வழி காட்ட நான் கூடப் போனேன். பேச்சி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டாள். முத்தையா கட்டில் ஓரம் நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு.

“சாப்பிட்டியா?”

“ராத்திரிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னுட்டாவப்பா.”

“இப்பம் பகல்தான. சாப்பிடு. நானும் சாப்பிடல.”

அவள் போர்வைக்குள்ளேயே சிரித்தது கேட்டது. நான் இறங்கி வந்துவிட்டேன்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அந்தோணி சொன்னார். மகள் எழுந்து நடக்கிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் ஏறுவேன் என்கிறாராம் முத்தையா. ஏறுவது மட்டும் உறுதியாம்.

அத்தானும் சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் அத்தியாயம் நேற்று மெயிலில் வந்துவிட்டது. பன்னிரண்டு பக்கம். பனி மூன்று பக்கம், துரை ஆறரைப் பக்கம், பார்க்காத காட்சிமுனை இரண்டரைப் பக்கம். நாங்கள் போய் வந்த பயணத்துக்கு ஒரே ஒரு வரி: ‘வழியில் உள்ளூர்வாசிகள் சிலருக்கு நம் வாகனத்தில் இடமளித்தோம்.’

கூடவே, புத்தகத்துக்கு ஒரு அணிந்துரை கேட்டிருக்கிறார். உண்மையை ஒளிக்காமல் எழுத வேண்டுமாம்.

இந்தப் பத்தியைத்தான் அனுப்பியிருக்கிறேன்.