பூஸ்ட் மீட்டர் மாட்டிய வெள்ளிக்கிழமை

சேகரன் அவசரப்பட்டு ஒரு வேலை செய்து அவன் அக்கா பாக்கியலட்சுமி பார்த்ததில்லை. ஒரு நட்டைக் கழற்றினால், அது எந்த இடத்து நட்டு என்று சாக்பீஸால் எழுதித்தான் தட்டில் வைப்பான். ஹனூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக மைசூர் வந்த குடும்பம் அவர்களுடையது. பத்தாவது முடித்ததும் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் எட்டு மாதம் கிடந்து, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தான். பன்னிமண்டபத்து லாரி ஷெட் வரிசையில் டர்போவைப் பிரித்து, பிரித்தபடியே திரும்பப் பூட்டிய முதல் ஆள் அவன்தான். தொண்ணூற்றேழில் சொந்த ஷெட் போட்டபோது அவனுக்கு இருபத்தாறு வயது. ஆறாவதோடு படிப்பை விட்ட பாக்கியலட்சுமி அங்கே சாமான்களைத் துடைத்து அடுக்குவாள்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவன் அவசரப்பட்டான்.

சித்தையன் தன் லாரியைத் தானே ஓட்டுபவர். வண்டி நிறைய சிமெண்ட். ஊட்டிக்குப் போக வேண்டும். போன தடவை கூடலூர் தாண்டி நடுவட்டம் மலை ஏறும்போது வண்டி இழுக்காமல் கரும்புகையாகக் கக்கியிருந்தது. டர்போ காற்றுக் கொடுக்கிறதா இல்லையா என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிய வேண்டும் என்று பெங்களூரில் ஒரு பூஸ்ட் மீட்டர் வாங்கி வந்திருந்தார்.

டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்றுப் போகும் அலுமினியப் பைப்பில் ஓட்டை போட்டு, அதில் மரை வெட்டி, பித்தளை நிப்பிள் ஒன்றைத் திருக வேண்டும். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று கேபினுக்குள் இருக்கும் மீட்டருக்குப் போகும். பைப்பைக் கழற்றித் தனியே வைத்து ஓட்டை போடுவதுதான் முறை.

"பத்தரைக்கு ராகுகாலம் தம்பி. அதுக்குள்ள வண்டி நகரோணும். கழட்டாம அப்படியே போட்டுடு" என்றார் சித்தையன்.

சேகரன் ட்ரில்லிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸை அப்பிக்கொண்டான். அலுமினியச் சீவல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே விழாது. டேப்பு பாதியில் ஒருமுறை இறுகியது. கொஞ்சம் பின்னால் திருப்பி, மறுபடி திருகினான். பத்து மணிக்கு மீட்டர் டேஷ்போர்டில் ஏறிவிட்டது. முன்சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சித்தையன் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேபினுக்குள் ஏறினார்.

பாக்கியலட்சுமி டேப்பை எடுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். துணி நுனியில் மாட்டி இழுத்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நுனியில் பல் உடைந்திருந்தது.

உடைந்து விழுந்த துண்டு எஃகு. உள்ளே போனால் வால்வை வளைக்கும், பிஸ்டனைக் குத்தும். மலையில், பத்து டன் பாரத்தோடு, என்ஜின் செத்தால் பிரேக்குக்கும் காற்று இருக்காது. நிமிர்ந்தாள். சேகரன் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்து ஷெட் ஆட்கள் நாலு பேர் புது மீட்டரை வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இவர்கள் முன்னாலா சொல்வது என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் பேசாமல் இருந்துவிட மாட்டானா என்றுகூட நினைத்தாள். நினைத்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

"சாவியத் தொடாதீங்கண்ணா!" சேகரன் கத்தினான். "டேப்பு உடைஞ்சிருக்கு. துண்டு உள்ள விழுந்திருக்கும்."

"மணி பத்து இருபதுடா! வண்டி நகர்ந்த பொறவு பாத்துக்கலாம்."

"நகர்ந்த பொறவு பாக்கறதுக்கு என்ஜின் இருக்காதுண்ணா."

"ஏனப்பா சேகரா, மீட்டர் போடச் சொன்னா வண்டிக்குப் பல்லு கட்டியிருக்கியே!" என்றார் பக்கத்து ஷெட்காரர். மற்றவர்கள் சிரித்தார்கள். சேகரன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பைப்பைக் கழற்றும்போது ஸ்பானர் இரண்டு முறை நழுவியது. அவன் கையில் ஸ்பானர் நழுவி அவள் பார்த்ததேயில்லை.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டிப் பைப்புக்குள் விட்டான். அரிசி நுனியளவில் ஒரு துண்டு ஒட்டி வந்தது.

"அவ்வளவுதான? பூட்டு, பூட்டு" என்றார் சித்தையன்.

சேகரன் துண்டை டேப்பின் நுனியில் வைத்துப் பார்த்தான். அது பொருந்திய பின்னும் பக்கத்தில் இன்னொரு பல்லின் இடம் காலியாக இருந்தது.

"அக்கா, நேத்து நீ துடைக்கறப்ப இது முழுசா இருந்துச்சா?"

முன்பே ஒரு பல் இல்லை என்று சொன்னால் தேடுவது இதோடு முடிந்துவிடும். அவன் நம்புவான், அவள் சொல்லி அவன் நம்பாதது எதுவுமில்லை.

"முழுசா இருந்துச்சு" என்றாள்.

அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. சித்தையன் தலையில் கைவைத்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்தார். சேகரன், பைப்புக் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டையே இறக்கினான். ஆறு சிலிண்டருக்கும் ஆறு வாய்கள், இருட்டாக. வால்வு திறந்திருக்கும் வாயில் துண்டு விழுந்திருந்தால் நேரே சிலிண்டருக்குள் போயிருக்கும். பிறகு சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டையே கழற்ற வேண்டும். ஒவ்வொரு வாயிலும் காந்தத்தை இறக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெறுங்கம்பிதான் வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பாக்கியலட்சுமி டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அசையாத அக்கா" என்றான்.

ஐந்தாவதில் 'டிக்' என்று கேட்டது. மெதுவாக, மூச்சுவிடாமல், கம்பியை மேலே தூக்கினான். முதல் துண்டைவிடச் சிறியது. மூடிய வால்வின் மேல் கிடந்திருக்கிறது. டேப்பில் வைத்தான், பொருந்தியது. ஆறாவதிலும் விட்டுப் பார்த்தான். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து முதுகைத் தடவினாள்.

பைப்பை மண்ணெண்ணெயில் கழுவி எல்லாவற்றையும் பூட்டி முடிக்க ஒன்றேகால் ஆயிற்று. சித்தையன் சாவியைத் திருப்பினார். என்ஜின் சீராகப் பிடித்தது. அக்கா தம்பி இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மீட்டர் முள்ளு அசையலையேடா!" சித்தையன் பதறினார்.

"சும்மா நிக்கறப்ப அசையாதுண்ணா. பாரம் இழுக்கும்போதுதான் ஏறும்."

சேகரன் சாமான் பையை எடுத்து கேபினுக்குள் வீசிவிட்டு அவனும் ஏறினான்.

"நீ எதுக்கு? எனக்கொண்ணும் பயமில்லை தம்பி" என்றார் சித்தையன்.

"எனக்கு இருக்குண்ணா" என்றான் சேகரன். "நடுவட்டம் ஏறி முடியற வரைக்கும் கூட வரேன். வண்டிய எடுங்க."