தங்கமான பொம்மைக்கடை முதலாளி

இன்று மண்டி மொஹல்லா கடைத்தெருவில், பேத்திக்குப் பொம்மை வாங்கப் போன கடையில், என் வயதுக்காரர் ஒருவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

"சுதந்திரம் வந்த புதுசுல இதே தெருவுல ஒரு பொம்மைக்கடை இருந்துச்சு சார். சின்ன வயசுல அங்கேயேதான் கிடப்பேன். முதலாளி தங்கமான மனுஷர். எதை வேணா எடுத்து விளையாடுன்னு விட்டுடுவார்."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நானும் அந்தக் கடைக்குப் போனவன்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டால்தான் அந்த முதலாளி பிள்ளைகளை உள்ளே விடுவார். ஒரு விரல் நீண்டாலும் வெளியே அனுப்பிவிடுவார்.

இவர் அந்தக் கடையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார், யாரோ எழுதியதைப் படித்துவிட்டு அளக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அதற்குள் கடைக்காரப் பெண் ஒரு தகரக் குரங்குக்குச் சாவி கொடுத்து மேஜைமேல் ஓடவிட்டாள்.

"கையில எடுத்துப் பாருங்க அங்கிள்" என்றாள்.

அவர் ஆசையாகக் குனிந்தார். கைகள் இரண்டும் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

ஆக, அந்தக் கடைக்குப் போனது உண்மை. முதலாளி தங்கமானவர் என்பதை மட்டும் அவர் கைகளே இன்னும் நம்பவில்லை.

அங்கே எதையாவது தொட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நான் நம்புவேனா என்பது வேறு விஷயம்.